கோங் விழும்வரை பொறுக்காத கேமராக்கள்

எங்கள் கல்லூரிப் புகைப்படக் கண்காட்சியில் என் படம் ஒன்றுக்கு இரண்டாம் பரிசு கிடைத்தது. வந்து பார்த்தவர்களுக்கு ஞாபகம் இருக்கலாம். ஒரு சாரோனின் வெண்கலக் கட்டைகள் வரிசையாக, பக்கவாட்டில் விழும் சாயங்கால வெளிச்சத்தில். சிவப்பும் தங்கமும் பூசிய மரச்செதுக்கல். பின்னால் மங்கலாக ஒரு பெரிய கோங். கீழே நானே எழுதிக்கொடுத்த தலைப்பு: 'உறைந்த இசை'.

வாழ்த்துச் சொன்ன எல்லோருக்கும் நன்றி. ஆனால் மக்களே, அந்தப் படம் ஒரு பொய். தலைப்பு அதைவிடப் பெரிய பொய். அடக்கத்துக்காகச் சொல்லவில்லை, எரிச்சலில் சொல்கிறேன்.

எரிச்சலுக்குக் காரணம், நான் இரண்டு படங்கள் அனுப்பியிருந்தேன். இரண்டாவது படத்தை எடுக்க எனக்கு இரண்டு மாதம் ஆனது. அதை நடுவர்கள் முதல் சுற்றிலேயே தள்ளிவிட்டார்கள். "கை ஆடியிருக்கு தம்பி" என்றார் ஒருவர். கை ஆடவில்லை சார். ஆடியது என் கை இல்லை, வாசிக்கிறவர்களின் கை. அது ஆடத்தான் வேண்டும். அதுதான் படமே.

இது தோற்றவன் புலம்பல் என்று நினைத்தால் இங்கேயே மூடிவிடலாம். பரிசும் எனக்குத்தான் என்பதை மட்டும் மறக்க வேண்டாம் :-)

கமெலான் கேள்விப்படாதவர்களுக்காக இரண்டு வரி. இந்தோனேசியாவில் ஜாவா, பாலி, சுந்தா பகுதிகளில் வாசிக்கப்படும், பெரும்பாலும் வெண்கலத்தால் ஆன தாளக்கருவிகளின் கூட்டம். கட்டைகள் உள்ள சாரோன், கெண்டெர். குமிழ் வைத்த பானைகளாகப் போனாங், கெனோங், கெத்துக். தொங்குகிற கெம்புல், கோங். கூடவே தோல்வாத்தியமான கெண்டாங். ரெபாப் என்ற வில்வாத்தியமும் குழலும் பாட்டும் உண்டு, ஆனால் உடம்பு முழுக்க வெண்கலம்தான். ஜாவா மொழியில் 'கமெல்' என்றாலே தட்டுவது, அடிப்பது. பெயரிலேயே வினை இருக்கிறது. நாம் அதைப் பெயர்ச்சொல்லாக மட்டும் படமெடுத்துக்கொண்டு வருகிறோம்.

ஒரு செமஸ்டர் யோக்யகர்த்தாவில் படிக்கப் போனேன். முதல் வாரமே கேமராவைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டேன். கமெலான் மாதிரி படத்துக்கு ஒத்துழைக்கிற வாத்தியம் உலகத்தில் வேறு இல்லை. நகராது. பளபளக்கும். வரிசையாக இருக்கும், வரிசை என்றால் கேமராவுக்கு உயிர். நாக உருவம், பூக்கொடி, தங்க முலாம், பழைய மரத்தின் கருமை, எந்தப் பக்கம் திரும்பினாலும் காலண்டர். முதல் வாரம் மட்டும் நானூறு படங்கள். அதில் மனிதர்கள் இருந்தவை முப்பதுகூட இல்லை. ஆட்கள் வந்தால் காம்போசிஷன் கெட்டுப்போகிறது என்று அவர்கள் எழுந்துபோகும்வரை காத்திருந்து எடுத்தவன் நான். பரிசு வாங்கிய படமும் அப்படி எடுத்ததுதான். அந்த மாலை எல்லோரும் டீ குடிக்கப் போயிருந்தார்கள். அதைத்தான் 'உறைந்த இசை' என்று நீங்கள் பாராட்டினீர்கள். இசை உறையவில்லை ஐயா, டீ குடிக்கப் போயிருந்தது.

இன்னொன்றையும் ஒப்புக்கொண்டுவிடுகிறேன். ஒரு கோணத்துக்காக சாரோனைத் தாண்டிக் கால் வைத்துப் போனேன். ஜாவாவில் கமெலான் வாத்தியங்களைத் தாண்டக் கூடாது, சுற்றித்தான் போகணும். செட்டுகளுக்குப் பெயர் உண்டு, பெயருக்கு முன்னால் 'க்யாய்' என்று மரியாதைப் பட்டம் உண்டு. பெரிய கோங்குக்குப் பூவும் ஊதுவத்தியும் வைப்பார்கள். என்னை யாரும் திட்டவில்லை. ஒரு பெரியவர் வந்து என் முழங்கையைப் பிடித்து, வந்த வழியே திருப்பி, சுற்றிக் கூட்டிக்கொண்டுபோய் நான் நிற்க நினைத்த அதே இடத்தில் நிறுத்தினார். நாலு வார்த்தை திட்டியிருந்தால் பரவாயில்லை என்று இருந்தது.

அந்தப் பெரியவர்தான் பிறகு எனக்குக் குரு மாதிரி ஆனவர். பெயர் வேண்டாம். 'பாக்' என்று கூப்பிடுவோம், நம்ம 'ஐயா' மாதிரி. அவர் என்னை 'மாஸ்' என்பார், தம்பி மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஊருக்கு வெளியே ஒரு பெண்டோப்போவில், நாலு பக்கமும் திறந்த கூரை மண்டபம், வாரம் இரண்டு ராத்திரி பயிற்சி நடக்கும். விவசாயி, பள்ளி ஆசிரியர், பைக் மெக்கானிக், பாட்டிகள் என்று கலந்த கூட்டம். என் கேமரா பழைய எஸ்எல்ஆர். கண்ணாடி மேலே போய்க் கீழே விழும்போது 'ட்டக்' என்று சத்தம் வரும். நான் பாட்டுக்கு ட்டக் ட்டக் என்று எடுத்துக்கொண்டிருந்தேன். மூன்றாவது ராத்திரி பாக் என்னைப் பார்த்துச் சிரித்தார். கையால் சைகை: நீ தப்பான இடத்தில் அடிக்கிறாய்.

நான் எங்கே சார் அடித்தேன்? அப்புறம்தான் புரிந்தது. என் ஷட்டர் சத்தத்தையும் அவர் ஒரு வாத்தியமாகத்தான் கேட்டுக்கொண்டிருந்தார். கூட்டத்தில் எழும் எந்தத் தட்டும் அவர் காதில் ஒரு எண்ணில் போய் விழுகிறது. என்னுடையது எந்த எண்ணிலும் விழவில்லை.

கேமராவை வாங்கித் தூணருகே வைத்துவிட்டு, கையில் ஒரு குச்சியைக் கொடுத்து என்னைக் கெத்துக் முன்னால் உட்கார வைத்தார். கெத்துக் கமெலானிலேயே எளிமையானது என்று சொல்லலாம். மரப்பெட்டியில் கயிற்றின்மேல் உட்கார்ந்திருக்கும் ஒரே ஒரு சின்னப் பானை. அடித்தால் 'டுக்' என்று அடைத்த சத்தம். என் நானூறு படங்களில் கெத்துக் ஒன்றில்கூட இல்லை. அழகு போதாது.

லங்காரான் என்ற வடிவம். பதினாறு தட்டுக்கு ஒரு சுற்று. கெத்துக்குக்கு வேலை ஒற்றைப்படை இடங்களில்: 1, 3, 5, 7, இப்படி. கெனோங் 4, 8, 12, 16-இல். பெரிய கோங் 16-இல். கெம்புல் 6, 10, 14-இல். இவ்வளவுதான். எல்.கே.ஜி. பிள்ளை செய்யும் என்று நினைத்தேன்.

கோங் விழுந்தது. நான் அடித்தேன். ஒன்று விட்டு அடித்தேன். மறுபடி ஒன்று விட்டு. கெனோங் அடிக்கிற பாட்டி என்னைத் திரும்பிப் பார்த்தார். நானும் கெனோங்கும் ஒரே நேரத்தில் அடித்துக்கொண்டிருந்தோம். கெம்புலோடும் மோதினேன். நாலு சுற்று, ஐந்து சுற்று, விடாமல் மோதல்.

காரணம் என்னவென்றால், ஆதி தாளம் போட்டுப் பழகிய கை இது. நமக்குச் சமம் முதல் தட்டில். கனம் எங்கே விழுகிறதோ அதுதான் ஒன்று. அதனால் கோங் விழுந்ததும் என் மண்டை 'ஒண்ணு' என்றது. அவர்களுக்கு அது பதினாறு. அங்கே சுற்று கனத்தில் ஆரம்பிப்பதில்லை, கனத்தை நோக்கிப் போகிறது. பாக் என் முழங்காலில் தட்டி, கோங்கைக் காட்டி, "எனாம் பெலாஸ்" என்றார். பதினாறு. பிறகு கோங் அடங்காமல் ஊவென்று அலைந்துகொண்டிருக்கும்போதே என் முழங்காலில் அடுத்த தட்டு: "சாத்து." ஒன்று.

நான் ஒற்றைப்படை என்று நினைத்து அடித்ததெல்லாம் அவர்களின் இரட்டைப்படை. ஒரே ஒரு எண் தள்ளி எண்ணியதில் மொத்தக் கட்டிடத்தையும் இடித்துக்கொண்டிருந்தேன்.

இதில் நான் செய்த பெரிய குற்றம் கெனோங்கோடு மோதியது இல்லை. மேலே கெம்புல் இடங்களைத் திரும்பப் பாருங்கள். 6, 10, 14. நாலு நாலாகத் தள்ளிப்போகும் வரிசை. அப்படியானால் முதல் கெம்புல் 2-இல் வந்திருக்கணும், இல்லையா? வராது. வேண்டுமென்றே விட்டுவிடுவார்கள். அந்த இடத்துக்கு 'வெலா' என்று பெயரே உண்டு. அப்போதுதான் பெரிய கோங் விழுந்திருக்கிறது, அதன் ஒலி இன்னும் மண்டபம் முழுக்க உருண்டுகொண்டிருக்கிறது, அதற்கு வழிவிட்டுக் கெம்புல் சும்மா இருக்கிறது. இருபது பேர் சேர்ந்து காப்பாற்றுகிற ஒரு வெற்றிடம். நான் ஐந்து சுற்றும் சரியாக அதில்தான் 'டுக்' என்று போட்டிருக்கிறேன்.

இப்போது சொல்லுங்கள், வெலாவை எப்படிப் படமெடுப்பீர்கள்? அடிக்காத கெம்புலைத்தானே எடுக்க முடியும்? கண்காட்சிச் சுவரில் தொங்கிய என் படத்திலும் கெம்புல் அடிக்கவில்லை, ஆனால் அது வெலா இல்லை. ஆளில்லாததால் வந்த மௌனம் வேறு, ஆள் உட்கார்ந்து எண்ணிக்கொண்டே விட்ட மௌனம் வேறு. இரண்டும் படத்தில் ஒரே மாதிரிதான் விழும். கேமரா இங்கே செவிடு மட்டுமில்லை, பொய்சாட்சியும் கூட.

சட்டென்று ஒரு கிளைப்பாதை, மன்னிக்கவும். விடுதியில் இதைச் சொன்னபோது ஒரு நண்பன், "எல்லாம் நம்மாளுங்க கொண்டுபோனதுதான்டா, ராஜேந்திர சோழன் போனாரில்ல" என்றான். போனார், 1025-இல், ஸ்ரீவிஜயத்தின்மேல் படையோடு போனார். வாயாங் நிழல்கூத்தில் வருவது மகாபாரதமும் ராமாயணமும்தான், அதுவும் உண்மை. ஆனால் குமிழ் வைத்த வெண்கலக் கோங்குகளும், கடைசித் தட்டில் கனம் வைக்கிற இந்தக் கணக்கும் நாம் கொண்டுபோனது இல்லை. 'எங்களுது' என்று சொல்லிவிட்டால் கேட்க வேண்டிய அவசியம் போய்விடுகிறது. படமெடுத்துவிட்டால் போய்விடுகிற மாதிரியே.

சரி, மேட்டருக்கு வருவோம். படங்களுக்குக் கீழே எழுதப்படும் 'மயக்கும் இசை', 'தியான இசை', 'கனவு போன்ற ஒலி' சமாச்சாரத்துக்கும் இதில் பங்கு உண்டு. மசாஜ் நிலையங்களில் பின்னணியில் ஓடுகிறதே, அந்த வகை. இவர்கள் கமெலானை மெதுவான இசை என்று நினைக்கிறார்கள். மெதுவா?

'இராமா' என்று ஒரு விஷயம் உண்டு. (நம்ம ராமர் இல்லை.) பாட்டின் எலும்புக்கூடான ஸ்வர வரிசையைச் சாரோன்களும் ஸ்லெந்தெமும் வாசிக்கும். கெண்டாங்காரர் வேகத்தைக் குறைக்கச் சொல்லி வாசிப்பிலேயே சமிக்ஞை கொடுப்பார். எலும்புக்கூடு மெதுவாகும், மெதுவாகும், ஒரு கட்டத்தில் இரண்டு ஸ்வரத்துக்கு நடுவே இன்னொரு ஸ்வரம் வைக்கிற அளவுக்கு இடைவெளி பிறக்கும். அந்தக் கணத்தில் பெகிங் என்ற சின்னச் சாரோன் தன் தட்டுகளை இரட்டிப்பாக்கிவிடும். மேலும் மெதுவானால் நாலு, அப்புறம் எட்டு, பதினாறு. ஒன்றுக்கு ஒன்று என்பதில் ஆரம்பித்து ஒன்றுக்குப் பதினாறு வரை ஐந்து நிலைகள். எலும்பு தளரத் தளரச் சதை பெருகுகிறது. பெகிங்காரர் கைக்கு ஓய்வே கிடையாது, ஏறக்குறைய அதே ஓட்டத்தில்தான் ஓடிக்கொண்டிருப்பார். சுற்று மட்டும் நீண்டுகொண்டே போகும். முப்பத்திரண்டு தட்டு லட்ராங் ஒன்றை இப்படி விரித்து வாசித்தால், ஒரு கோங்குக்கும் அடுத்த கோங்குக்கும் நடுவே ஒரு நிமிடத்தை ஒட்டிப் போய்விடும்.

'மெதுவான இசை' என்கிறவர் கோங்கை மட்டும் கேட்கிறார். பெகிங்கை மட்டும் கேட்டால் ஓடுகிற இசை. இரண்டையும் சேர்த்து ஒரே காலமாகக் கேட்பதுதான் விஷயம். எனக்கு அது கேட்க ஆரம்பித்தது ஆறாவது வாரத்தில், அதுவும் வாசிக்கும்போது இல்லை, சோறு வாங்க வரிசையில் நிற்கும்போது. மண்டைக்குள் சுற்று தானாக ஓடியது, கோங் வருகிற இடத்துக்கு முன்னாலேயே வயிற்றில் ஒரு கனம் இறங்கியது. கடைக்கார அம்மா இரண்டு தடவை கூப்பிட்டிருக்கிறார்.

இங்கேதான் வீடியோ கட்சியினர் கை தூக்குவார்கள். "படம்தானே பிரச்சினை, வீடியோ எடேன்." எடுக்கலாம். ஆனால் நாம் போடுகிற வீடியோவின் நீளம் என்ன? பதினைந்து விநாடி, முப்பது விநாடி. விரிந்த லட்ராங்கில் அதற்குள் ஒரு கோங்குகூட வராமல் போகலாம். கடைசித் தட்டில் கனம் வைத்த இசையில் கடைசித் தட்டை வெட்டிவிட்டு, 'மெஸ்மரைசிங்' என்று போடுகிறோம். ஜோக்கின் கடைசி வரியை வெட்டிவிட்டுச் சிரிக்கச் சொல்கிற மாதிரி.

இன்னொரு வாதம்: "படம் எடுத்தால்தானே நாலு பேருக்குத் தெரியும், ஆவணமாக இருக்கும்." இதைத்தான் நான் ரொம்ப நாள் நம்பினேன். ஆவணம் என்றால் எதன் ஆவணம்? சாரோன் வாசிக்கிறவரைப் படமெடுக்கச் சொன்னால் நூற்றுக்குத் தொண்ணூறு பேர் சுத்தியல் பிடித்த வலது கையைத்தான் குறிவைப்போம். ஓங்கிய சுத்தியல், ஆயிரத்தில் ஒரு பங்கு விநாடி, கூர்மை. ஆனால் பாதி வேலை இடது கையில். அடித்த வெண்கலக் கட்டை தானாக அடங்காது. அடுத்த கட்டையை அடிக்கிற அதே கணத்தில் இடது கை விரல்கள் முந்தைய கட்டையைப் பிடித்து அணைக்க வேண்டும். முன்கூட்டிப் பிடித்தால் ஸ்வரங்களுக்கு நடுவே ஓட்டை. பிந்தினால் இரண்டும் குழம்பிக் கூழாகும். வலது கை ஒரு தட்டு முன்னால், இடது கை ஒரு தட்டு பின்னால், இப்படியே துரத்திக்கொண்டு. ஸ்வரம் எங்கே பிறக்கிறது என்பதை வலது கை சொன்னால், எவ்வளவு நேரம் வாழ்கிறது என்பதை இடது கை சொல்கிறது. தாளம் என்பது இரண்டும் சேர்ந்து. உங்கள் கூர்மையான படத்தில் இடது கை என்ன செய்கிறது? சும்மா வாத்தியத்தின்மேல் வைத்திருக்கிற மாதிரி தெரியும். சந்தேகமிருந்தால் என் ஆல்பத்தையே பாருங்கள், அத்தனை படத்திலும் இடது கைக்காரர்கள் ஓய்வெடுக்கிறார்கள்.

யார் தலைவர் என்பதும் அப்படித்தான். பெரிய கோங் பெரியதாக இருப்பதால் எல்லோரும் அதைத்தான் நடுவில் வைத்து எடுக்கிறோம். கூட்டத்தை வேகம் கூட்டிக் குறைத்து நடத்துவது கெண்டாங்காரர். அவர் தரையில், நடுவில், தங்கப்பூச்சு இல்லாத தோல்வாத்தியத்தோடு உட்கார்ந்திருப்பார். கோங்காரர் நிமிடத்துக்கு ஒரு அடி. அதற்காக அவர் சும்மா இருக்கிறார் என்று நினைத்தால் நீங்களே ஒருமுறை போய் உட்கார்ந்து பாருங்கள். நான் உட்கார்ந்தேன். லட்ராங்கில் 29 வரைக்கும் எண்ணினேன், அதற்குப் பிறகு 29-ஆ 30-ஆ என்று வியர்த்துவிட்டது.

செமஸ்டர் நடுவில் ஒரு வாரம் பாலிக்குப் போனேன். இது வேறு கிரகம். ஜாவா அடக்கம், பாலி வெடிப்பு. அங்கே வாத்தியங்கள் ஜோடி. ஒரே ஸ்வரத்துக்கு இரண்டு கட்டைகள், ஒன்றை லேசாகத் தாழ்த்தியும் மற்றொன்றை லேசாக உயர்த்தியும் சுருதி சேர்த்திருப்பார்கள். வேண்டுமென்றே. இரண்டையும் சேர்த்து அடித்தால் ஒலி விநாடிக்கு ஆறேழு தடவை அளவில் அலையடிக்கும், அதற்கு 'ஓம்பாக்', அலை, என்றே பெயர். தாழ்ந்தது பெங்கும்பாங், உயர்ந்தது பெங்கிசெப். தனியாக ஒன்றை எடுத்தால் அலை கிடையாது. அருங்காட்சியகக் கண்ணாடிக்குப் பின்னால் ஒற்றையாக நிற்கும் ஒரு கங்சாவைப் பார்த்தால் இப்போதெல்லாம் எனக்குக் கஷ்டமாக இருக்கிறது. ஜோடியில் ஒன்று.

வாசிப்பும் ஜோடிதான். கொட்டெக்கான் என்கிற பின்னல். போலோஸ் என்ற பாதி ஒருவருக்கு, சங்சி என்ற பாதி மற்றவருக்கு. தனித்தனியாகக் கேட்டால் திக்கித் திக்கிப் பேசுகிற மாதிரி இருக்கும். சேர்த்துக் கேட்டால் எந்த ஒற்றை மனிதனாலும் வாசிக்க முடியாத வேகத்தில் ஒரே ஓட்டம். பாலியில் நான் எடுத்த அருமையான போர்ட்ரெய்ட், ஒரு பையன் பல்லைக் கடித்துக்கொண்டு வாசிக்கிற குளோசப், உண்மையில் ஒரு வாக்கியத்தின் ஒன்றுவிட்ட எழுத்துகள். அவன் ஜோடியை நான் பிரேமிலிருந்து வெட்டியிருக்கிறேன்.

'பாரம்பரியப் பொருளைப் பாதுகாக்கிறோம்' என்று கேமராவோடு கிளம்புகிறவர்களுக்கு அதே பாலியிலிருந்து ஒரு செய்தி. 1915 வாக்கில் வட பாலியில் கெப்யார் என்ற புதிய பாணி கிளம்பியது. திடீர்த் தாவல்கள், நிறுத்தங்கள், மின்னல் வேகம். தீவு முழுக்கத் தீயாகப் பரவியது. கிராமங்கள் அதற்காக என்ன செய்தன தெரியுமா? தங்களிடமிருந்த பழைய செட்டுகளை, அரண்மனைக் காலத்து செமார் பெகுலிங்கான் போன்றவற்றை, உருக்கிப் புதிய கெப்யார் செட்டுகளாக அடித்துக்கொண்டார்கள். தாளம் மாறியதும் வெண்கலத்தையே மாற்றிவிட்டார்கள். இதனால் சில பழைய பாணிகள் அருகிப்போயின, அது நஷ்டம்தான், மறுக்கவில்லை. ஆனால் அந்த மக்களுக்கு எது பொருள், எது உயிர் என்பதில் குழப்பமே இருக்கவில்லை. குழப்பம் நமக்குத்தான்.

உருக்காமல் போற்றுகிற இடத்திலும் கதை அதேதான். யோக்யகர்த்தா அரண்மனையின் க்யாய் குந்துர் மது, க்யாய் நாக விலாகா என்ற இரண்டு புனித செட்டுகள் வருஷத்துக்கு ஒருமுறை, நபிகள் பிறந்தநாளை ஒட்டிய செக்காத்தென் விழாவில், பெரிய பள்ளிவாசல் வளாகத்துக்குக் கொண்டுபோகப்பட்டு வாசிக்கப்படுகின்றன. ஒரு வாரத்துக்கு, மாறிமாறி. புனிதம் என்பதால் பூட்டிவைக்கவில்லை. புனிதம் என்பதால் வாசிக்கிறார்கள்.

1977-இல் கிளம்பிய இரண்டு வாயேஜர் விண்கலங்களிலும் ஒரு தங்கத்தட்டு இருக்கிறது, தெரிந்திருக்கும். அதில் ஜாவாவின் கமெலான் இருக்கிறது. யோக்யகர்த்தாவின் பாக்குவாலாமான் அரண்மனையில் பதிவு செய்த கெத்தாவாங் புஸ்பவர்ணா, ஐந்து நிமிடத்துக்குக் கொஞ்சம் குறைவு. கெத்தாவாங் என்றால் பதினாறு தட்டுச் சுற்று. அதே தட்டில் படங்களும் உண்டு, அவற்றில் ஒன்று பாலி நடனக்காரி. இசையில்லாமல், ஒரு நிலையில் நின்றபடி. வேற்றுக்கிரகவாசி யாராவது தட்டைக் கண்டெடுத்தால், அந்தப் பெண் ஏன் கையை அப்படி வைத்திருக்கிறாள் என்று மண்டையை உடைத்துக்கொள்ளட்டும். கெத்தாவாங்கைக் கேட்டால் குறைந்தபட்சம் எண்ணவாவது முடியும்.

"அப்படியானால் படமே எடுக்கக் கூடாதா?" என்று கேட்பீர்கள். நான் அப்படிச் சொல்லவில்லை. எண்ணத் தெரியாமல் எடுக்காதீர்கள் என்கிறேன். எண்ணத் தெரிந்தால் ஷட்டர் எங்கே திறக்கணும், எங்கே மூடணும் என்பதே மாறிவிடும். அதற்கு என் தள்ளுபடியான படமே சாட்சி.

எடுத்த விதம் இதுதான். பெண்டோப்போவில் வெளிச்சம் குறைவு, இரண்டு டியூப் லைட் மட்டும். முக்காலி போட்டேன். ஐஎஸ்ஓ 100, அபர்ச்சர் எஃப் 16, பல்ப் மோட். ரிமோட்டைக் கையில் வைத்துக்கொண்டு எண்ணினேன். லங்காரான் ஓடிக்கொண்டிருந்தது. கோங் விழுந்ததும் திறந்தேன். அடுத்த கோங் விழுந்ததும் மூடினேன். ஒரு முழுச் சுற்று, பதினைந்து விநாடி சொச்சம். அன்றைக்கு ராத்திரி அப்படி முப்பது தடவை.

அதில் சரியாக வந்த ஒன்றைப் பாருங்கள். வாத்தியங்கள் எல்லாம் கத்தி மாதிரி கூர்மை, அவை அசையவில்லை. கோங்காரர் கிட்டத்தட்ட முழு மனிதர். முகம் தெரிகிறது, மீசை தெரிகிறது, அடிக்கிற கை மட்டும் லேசான புகை. கெனோங் பாட்டி அவரைவிடக் கொஞ்சம் கரைந்திருக்கிறார். சாரோன்காரர்கள் இடுப்புக்குமேல் பாதி ஆவி. பெகிங்காரருக்குக் கைகளே இல்லை, ஒரு வெள்ளைப் பனிதான், ஆனால் அந்தப் பனி கட்டைகளின்மேல் சீராக இல்லாமல் எந்தக் கட்டைக்கு அதிகம் போனாரோ அங்கே அடர்த்தியாக இருக்கிறது. யார் அடிக்கடி அடிக்கிறார்கள், யார் எப்போதாவது அடிக்கிறார்கள் என்ற முழு அடுக்கும் கரைந்த அளவாகப் படத்தில் விழுந்திருக்கிறது. கமெலானின் தாளக் கட்டுமானமே அதுதான்: பெரியது அபூர்வமாக, சின்னது ஓயாமல். சாரோன்காரர்களின் இடது கையும் இந்த ஒரு படத்தில் வேலை செய்கிறது, வலது கைப் புகையை ஒரு கட்டை பின்னால் துரத்திக்கொண்டு.

இதைத்தான் 'கை ஆடியிருக்கு' என்றார்கள்.

நடுவர்களை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. இரண்டு படத்தையும் அனுப்பும்போது எதற்குப் பரிசு கிடைக்கும் என்று எனக்கு நன்றாகவே தெரியும். காலி மண்டபத்துத் தங்கத்துக்குத்தான் கிடைக்கும். தெரிந்தும் அதை அனுப்பினேன், 'உறைந்த இசை' என்று பெயரும் வைத்தேன். இப்போது கண்காட்சி முடிந்து அந்தப் படத்தைத் துறைத்தலைவர் அறைக்கு வெளியே மாட்டியிருக்கிறார்கள். தலைப்பையாவது 'டீ இடைவேளை' என்று மாற்றச் சொல்லிக் கடிதம் கொடுத்திருக்கிறேன். இன்னும் பதில் இல்லை.

ஊருக்குக் கிளம்புவதற்கு முந்தைய ராத்திரி அந்தக் கரைந்த படத்தைப் பெரிதாகப் பிரிண்ட் போட்டு பாக்கிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார். விரலால் ஒவ்வொரு வாத்தியமாகத் தொட்டு, யார் யார் என்று முணுமுணுத்துக்கொண்டே போனார். பனியாக இருந்த பெகிங்காரரைக்கூட உட்கார்ந்த விதத்தை வைத்தே கண்டுபிடித்துவிட்டார். விரல் வலது மூலைக்கு வந்து நின்றது. அங்கே கெத்துக் மட்டும் தனியாக, கூர்மையாக, முன்னால் ஆளே இல்லாமல் இருந்தது.

"இங்கே யார்?" என்றார்.

"நான்தான் பாக். படமெடுத்துக்கொண்டிருந்தேன்."

"அதான் அன்றைக்கு என்னமோ குறைந்தது" என்று சொல்லிவிட்டுப் படத்தைச் சுருட்டி வைத்தார். பிறகு குச்சியை எடுத்து என்னிடம் நீட்டினார். கெண்டாங் ஆரம்பித்துவிட்டது.